நினைவகப் பிழைதிருத்தச் சுற்றை வடிவமைப்பது எப்படி: 13 பிட்டில் தொடங்கும் முழுமையான வழிகாட்டி

1976இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் முதல் கிரே-1 மீக்கணினியை ஆறு மாதம் ஓட்டிப் பார்த்தார்கள். அதன் நினைவகத்தில் பாரிட்டி (ஒன்றுகளின் எண்ணிக்கை ஒற்றையா இரட்டையா என்று குறித்து வைக்கும் ஒரு பிட்) மட்டுமே இருந்தது, பிழைதிருத்தம் இல்லை. அந்த ஆறு மாதத்தில் 152 பாரிட்டிப் பிழைகள் பதிவாயின. ஒவ்வொரு முறையும் கணினிக்குத் தெரிந்தது ஒன்றுதான்: இந்தச் சொல்லில், அதாவது ஒரே வீச்சில் படிக்கும் பிட் தொகுதியில், ஏதோ ஒரு பிட் மாறிவிட்டது. எந்த பிட் என்று அதற்குத் தெரியாது. பின்னர் வந்த கிரே-1 கணினிகளில் 64 பிட் தரவுக்கு, பிழை இருக்கும் இடத்தைக் காட்டும் 8 சரிபார்ப்பு பிட்களைச் சேர்த்தார்கள்.

இதே எரிச்சல் அதற்கும் முப்பது ஆண்டுகளுக்கு முன்பே ஒருவருக்கு வந்திருந்தது. பெல் ஆய்வகத்தின் ரிலே கணினியில் ரிச்சர்ட் ஹாமிங் வார இறுதிகளில் தன் கணக்குகளை ஓட்ட விட்டுப் போவார். பிழை கண்டால் இயந்திரம் அந்தக் கணக்கைக் கைவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். பிழை இருப்பதைக் கண்டுபிடிக்கத் தெரிந்த இயந்திரத்துக்கு அது இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க ஏன் தெரியவில்லை என்ற கேள்வியிலிருந்து பிறந்ததுதான் 1950இல் அவர் வெளியிட்ட ஹாமிங் குறிமுறை.

கீழே 8 பிட் தரவுக்கான ஒரு சிறிய சுற்றைக் கையால் கட்டிப் பார்ப்போம். கணக்கு உண்டு, ஆனால் அது எளிய பகுதி. இத்துறையில் தடுக்கி விழுபவர்கள் பெரும்பாலும் கணக்கில் விழுவதில்லை. தன்னால் திருத்த முடியாத நிலையில் சுற்று என்ன செய்ய வேண்டும் என்பதை யோசிக்காமல் விட்ட இடத்தில்தான் விழுகிறார்கள். தவறாகத் திருத்தி, 'சரியாக இருக்கிறது' என்று கையெழுத்தும் போட்டுத் தரும் சுற்றைவிடச் சுற்றே இல்லாத நினைவகம் மேல் என்பது என் கட்சி.

படி 1: எதிரி யார் என்று எழுதி வையுங்கள்

1970களின் இறுதியில் இன்டெல் நிறுவனத்தின் டிமதி மே, முர்ரே வுட்ஸ் இருவரும், கணினியின் முதன்மை நினைவகமான டி-ரேம் சிப்பின் உறைப் பொருளில் நுண்ணளவில் கலந்திருக்கும் யுரேனியமும் தோரியமும் உமிழும் ஆல்ஃபா துகள்கள் பிட்டைப் புரட்டிவிடும் என்று காட்டினார்கள். 1979இல் சீக்லர், லான்ஃபோர்டு இருவரும் காஸ்மிக் கதிர்களும் அதையே செய்யும் என்று எழுதினார்கள். இவை மென்பிழைகள். பிட் மாறும், ஆனால் செல் கெடாது. மறுபடி எழுதினால் சரியாகிவிடும்.

வன்பிழை அப்படியல்ல. செல்லோ கம்பியோ கெட்டு ஒரே மதிப்பில் ஒட்டிக்கொள்ளும். கூகுளின் சேவையகங்களில் எடுத்த தரவை வைத்து 2009இல் வெளியான ஆய்வில், ஆண்டுக்கு 8 சதவீதத்துக்கும் மேற்பட்ட நினைவகப் பலகைகளில் திருத்தத்தக்க பிழைகள் தென்பட்டன. அவற்றில் மென்பிழைகளைவிட வன்பிழைகளே மிகுதி என்பது ஆய்வாளர்களின் முடிவு. பிழை என்றாலே காஸ்மிக் கதிர் என்று கதை சொல்லும் பழக்கத்துக்கு அது நல்ல மருந்து.

இன்னும் இரண்டு உண்டு. ஒரே துகள் அடுத்தடுத்த செல்களைச் சேர்த்துப் புரட்டுவது ஒன்று, ஒரு சிப் முழுவதுமாகச் செத்துப்போவது மற்றொன்று. ஒரு பிட் பிழையைத் திருத்தி இரண்டு பிட் பிழையைக் கண்டறியும் சுற்றைத்தான் இங்கே கட்டப்போகிறோம். மேற்சொன்ன இரண்டையும் அது தனியாகச் சமாளிக்காது. அவற்றுக்கு என்ன வழி என்று பின்னால் வருகிறது.

படி 2: எத்தனை சரிபார்ப்பு பிட்கள்?

தரவு பிட்கள் த, சரிபார்ப்பு பிட்கள் ச என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் த + ச பிட்களில் எது வேண்டுமானாலும் பிழையாகலாம், எதுவுமே பிழையாகாமலும் இருக்கலாம். ஆக, த + ச + 1 நிலைகளைப் பிரித்தறிய வேண்டும். ச பிட்களால் 2^ச நிலைகளைத்தான் சொல்ல முடியும். எனவே 2^ச ≥ த + ச + 1. ஒற்றைப் பிழை திருத்தத்துக்கு இது போதும். இரட்டைப் பிழையைக் கண்டறிய மேலும் ஒரு பிட் வேண்டும்.

இதன்படி 8 பிட் தரவுக்கு 5, 16க்கு 6, 32க்கு 7, 64க்கு 8, 128க்கு 9 சரிபார்ப்பு பிட்கள். சொல் நீள நீளச் செலவு குறைகிறது: 8 பிட்டில் கூடுதல் இடம் 62.5 சதவீதம், 64 பிட்டில் 12.5 சதவீதம். அப்படியானால் நீளமான சொல்லே நல்லது என்று தோன்றும். ஆனால் சொல்லுக்குள் ஒரே ஒரு பைட்டை மட்டும் எழுத வேண்டி வரும்போது நீளமான சொல் தொல்லை தரும். படி 7இல் அதைப் பார்ப்போம். அடிக்கடி சிறு எழுத்துகள் (நினைவகத்தில் எழுதும் செயல்கள்) நடக்கும் நினைவகமானால், 32 பிட்டுக்கு 7 என்று சற்று தாராளமாகச் செலவழிப்பதே பல நேரங்களில் புத்திசாலித்தனம்.

படி 3: அணியைத் தேர்ந்தெடுங்கள்

இங்கே நிதானமாக இருங்கள். மற்றவை எல்லாம் இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

ஒவ்வொரு பிட்டுக்கும் ஓர் 'அடையாளம்' தருகிறோம்: அந்த பிட் எந்தெந்தச் சரிபார்ப்புகளில் பங்கெடுக்கிறது என்ற பட்டியல். அணி என்பது ஒன்றுகளும் பூஜ்யங்களும் கொண்ட அட்டவணை. அதில் இந்தப் பட்டியல் ஒரு நிரல் (நெடுவரிசை), ஒவ்வொரு சரிபார்ப்பும் ஒரு நிரை (கிடைவரிசை). இரண்டு பிட்களுக்கு ஒரே நிரல் இருக்கக் கூடாது, வெற்று நிரலும் கூடாது. இவை இரண்டும் சரியாக இருந்தாலே ஒற்றைப் பிழையைத் திருத்திவிடலாம்.

இரட்டைப் பிழைக்குப் பாடப்புத்தகம் சொல்லும் வழி, ஹாமிங் குறியின் மேல் எல்லா பிட்களையும் கூட்டும் ஒரு பாரிட்டியைச் சேர்ப்பது. வேலை செய்யும், ஆனால் 72 பிட் சொல்லில் அந்த ஒரு பாரிட்டிக்கு மட்டும் 72 உள்ளீடுகள் வேண்டும். இரண்டு உள்ளீட்டு எக்ஸ்-ஆர் கேட்களை (உள்ளீடுகள் வேறுபட்டால் 1, ஒத்திருந்தால் 0 தரும் சிறு சுற்றுகள்) மரமாக அடுக்கினால் 7 அடுக்கு. 1970இல் ஐபிஎம் நிறுவனத்தின் ஷியாவோ இதைவிட நல்ல வழியைச் சொன்னார்: ஒவ்வொரு நிரலிலும் ஒற்றைப்படை எண்ணிக்கையில் ஒன்றுகள் இருக்கட்டும். இரண்டு ஒற்றைப்படை நிரல்களைக் கூட்டினால் விடை எப்போதும் இரட்டைப்படை. ஆகவே ஒற்றைப் பிழையும் இரட்டைப் பிழையும் ஒருபோதும் குழம்பாது, தனிப் பாரிட்டியும் தேவையில்லை. 64 பிட்டுக்கு, மூன்று ஒன்றுகள் கொண்ட 56 நிரல்களையும் ஐந்து ஒன்றுகள் கொண்ட 8 நிரல்களையும் தரவுக்குக் கொடுத்தால், நிரைகளைச் சமமாகப் பங்கிட்டு ஒவ்வொன்றிலும், அதன் சரிபார்ப்பு பிட்டையும் சேர்த்து, 27 ஒன்றுகள் வரும்படி அமைக்கலாம். 27 உள்ளீடு என்றால் 5 அடுக்கு. இன்று புதிதாக வடிவமைக்கும் ஒருவர் இதை விட்டு வேறொன்றைத் தேர்ந்தெடுக்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

நம் 8 பிட் சுற்றுக்கு வருவோம். தரவு பிட்கள் த0 முதல் த7 வரை, சரிபார்ப்பு பிட்கள் ச0 முதல் ச4 வரை. ஒரே ஒரு ஒன்று கொண்ட ஐந்து நிரல்கள் சரிபார்ப்பு பிட்களுக்கே. தரவுக்கு மூன்று ஒன்றுகள்: ஐந்திலிருந்து மூன்றைத் தேர்ந்தெடுக்கப் பத்து வழிகள் உண்டு. நமக்கு எட்டு போதும். எந்த இரண்டை விடுவது? தமக்குள் ஒரே ஓர் உறுப்பைப் பகிர்ந்துகொள்ளும் இரண்டை விட்டால் நிரைகள் கிட்டத்தட்டச் சமமாகும். நான் 012, 234 இரண்டையும் விடுகிறேன். மீதி:

த0 → 0, 1, 3
த1 → 0, 1, 4
த2 → 0, 2, 3
த3 → 0, 2, 4
த4 → 0, 3, 4
த5 → 1, 2, 3
த6 → 1, 2, 4
த7 → 1, 3, 4

இதைக் கிடைமட்டமாகப் படித்தால் சரிபார்ப்புச் சமன்பாடுகள் கிடைக்கும். கூட்டல் குறி இங்கே எக்ஸ்-ஆர்:

ச0 = த0 + த1 + த2 + த3 + த4
ச1 = த0 + த1 + த5 + த6 + த7
ச2 = த2 + த3 + த5 + த6
ச3 = த0 + த2 + த4 + த5 + த7
ச4 = த1 + த3 + த4 + த6 + த7

நான்கு நிரைகளில் ஐந்து உறுப்புகள், ஒன்றில் நான்கு. மூன்றே அடுக்கில் முடிந்துவிடும். விட்டுவிட்ட 012, 234 இரண்டையும் மறந்துவிடாதீர்கள், அவற்றுக்கு வேலை இருக்கிறது.

படி 4: கையால் ஒரு முறை போட்டுப் பாருங்கள்

கணினியில் ஓட்டுவதற்கு முன் தாளில் போட்டுப் பார்க்காதவர்கள் பிறகு அலைவடிவத் திரையின் முன் மணிக்கணக்கில் உட்காருவார்கள். தரவு த0 முதல் த7 வரை 1, 0, 1, 1, 0, 0, 1, 0 என்று கொள்வோம். மேலேயுள்ள சமன்பாடுகளில் போட்டால் ச0 முதல் ச4 வரை 1, 0, 1, 0, 0. பதின்மூன்று பிட்களையும் நினைவகத்தில் எழுதிவிட்டோம்.

இப்போது த3 புரண்டு 1 என்பது 0 ஆகிவிட்டது. படிக்கும்போது மறுபடி கணக்கிட்டால் 0, 0, 0, 0, 1 வருகிறது. சேமித்து வைத்தது 1, 0, 1, 0, 0. இரண்டையும் எக்ஸ்-ஆர் செய்தால் 1, 0, 1, 0, 1. இதற்குச் சிண்ட்ரோம் என்று பெயர். ஒன்றுகள் இருக்கும் இடங்கள் 0, 2, 4. பட்டியலில் பாருங்கள், அது த3இன் அடையாளம். அதைத் திருப்பிவிட்டால் சரி.

த3, த6 இரண்டும் புரண்டால்? 024ஐயும் 124ஐயும் கூட்டினால் பொதுவான 2, 4 அடிபட்டு 01 மிஞ்சும். இரட்டைப்படை, பூஜ்யமும் அல்ல. இரட்டைப் பிழை என்று சுற்றுக்குத் தெரிகிறது, எவை என்று தெரியாது. தெரியாது என்று சொல்வதே இங்கே சரியான விடை.

கவனித்தீர்களா, தரவு என்னவாக இருந்தாலும் சிண்ட்ரோம் பிழையை மட்டுமே பொறுத்தது. சோதனைக் கட்டத்தில் இது பெரிய வரம்.

படி 5: கேட்களாக மாற்றுங்கள்

எழுதும் பக்கம் எளிது: ஐந்து எக்ஸ்-ஆர் மரங்கள். படிக்கும் பக்கத்தில் அதே மரங்கள் மறுபடியும் வரும், ஒவ்வொன்றின் முடிவிலும் சேமித்த சரிபார்ப்பு பிட் ஓர் உள்ளீடாகச் சேரும். அடுத்து ஒவ்வொரு தரவு பிட்டுக்கும் ஓர் அண்ட் கேட் (எல்லா நிபந்தனைகளும் பொருந்தினால் மட்டும் 1 தருவது), சிண்ட்ரோம் அந்த பிட்டின் அடையாளத்தோடு பொருந்துகிறதா என்று பார்க்க. அதன் வெளியீட்டைப் படித்த பிட்டோடு எக்ஸ்-ஆர் செய்தால் திருத்திய பிட்.

சிக்கனம் பார்ப்பவர்கள் அண்ட் கேட்டுக்கு ஒன்றாக இருக்க வேண்டிய மூன்று சிண்ட்ரோம் பிட்களை மட்டும் கொடுத்து, பூஜ்யமாக இருக்க வேண்டிய இரண்டை விட்டுவிடுவார்கள். ஒற்றைப் பிழைக்கு அது சரியாகவே வேலை செய்யும். ஆனால் சில இரட்டைப் பிழைகளில் சிண்ட்ரோமில் நான்கு ஒன்றுகள் வரும். அப்போது பல அண்ட் கேட்கள் ஒரே சமயத்தில் விழித்துக்கொண்டு தரவை இன்னும் கலைக்கும். திருத்த இயலாத தரவை எப்படியும் குப்பையில்தான் போடப்போகிறோம் என்பார்கள். கோளாறை ஆராய வருபவருக்குக் கலையாத தரவு வேண்டும். ஐந்து உள்ளீடுகளையும் கொடுங்கள், மிச்சமாகும் கேட்கள் அற்பம்.

இனி அறிவிப்புக் கம்பிகள். சிண்ட்ரோம் பிட்களின் ஆர் (ஏதேனும் ஒன்று 1 ஆனாலே 1 தரும் கேட்), 'பிழை உண்டு' என்று சொல்லும். பதின்மூன்று நிரல்களில் ஒன்றோடு சிண்ட்ரோம் பொருந்தினால் 'திருத்தினேன்'. பிழை உண்டு, ஆனால் எதோடும் பொருந்தவில்லை என்றால் 'திருத்த இயலாது'. இந்தக் கடைசி வரியைப் பலர் 'சிண்ட்ரோம் இரட்டைப்படை என்றால் திருத்த இயலாது' என்று எழுதிவிடுகிறார்கள். அதில் ஓட்டை இருக்கிறது. ஐந்து பிட்டில் ஒற்றைப்படைச் சிண்ட்ரோம்கள் 16. நாம் பயன்படுத்துவது 13. மீதி மூன்று, அதாவது 012, 234, 01234 ஆகியவை வந்தால் எந்த அண்ட் கேட்டும் விழிக்காது, இரட்டைப்படையும் அல்ல. தவறான தரவு கமுக்கமாக வெளியே போய்விடும். 72 பிட் குறியில் இப்படிப் பயன்படாத ஒற்றைப்படைச் சிண்ட்ரோம்கள் 56 இருக்கின்றன.

சரிபார்ப்பு பிட்டே புரண்டிருந்தால் சிண்ட்ரோமில் ஒரே ஒரு ஒன்று வரும். தரவில் தொட எதுவும் இல்லை. ஆனாலும் 'திருத்தினேன்' என்று பதிவு செய்யுங்கள், நினைவகத்தில் மறுபடி எழுதவும் வையுங்கள். இல்லாவிட்டால் அடுத்த பிழை வரும்போது அது இரட்டைப் பிழையாகிவிடும்.

படி 6: சுற்று பொய் சொல்லும் இடங்களைத் தேடுங்கள்

த3, த6, ச3 மூன்றும் புரண்டுவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். 024, 124, 3 மூன்றையும் கூட்டினால் 013. அது த0இன் அடையாளம். சுற்று தயங்காமல் த0ஐத் திருப்பும், 'ஒரு பிட்டைத் திருத்தினேன்' என்று அறிவிக்கும். மூன்றாக இருந்த பிழை நான்காகிவிட்டது. மேலே சொன்ன 72 பிட் ஷியாவோ குறியில் மூன்று பிட் பிழைகளில் பாதிக்கும் மேல் இப்படித்தான் தவறாகத் திருத்தப்படும். அணியை எப்படி மாற்றினாலும் இதை அடியோடு ஒழிக்க முடியாது. குறியின் எல்லை அது. எல்லைக்கு வெளியே உள்ளவை வராமல் பார்த்துக்கொள்வது வேறு படிகளின் வேலை.

ஆனால் அணிக்குள்ளேயே சரிசெய்யக்கூடிய இரண்டு உண்டு. நினைவகம் முழுவதும் மின்சாரம் இழந்தோ தொடர்பறுந்தோ எல்லா பிட்களும் பூஜ்யமாகப் படிக்கப்பட்டால் என்னவாகும்? தரவு பூஜ்யம், சரிபார்ப்பு பூஜ்யம், சிண்ட்ரோம் பூஜ்யம். 'எல்லாம் சுகம்' என்று சுற்று சொல்லும். எல்லாமே ஒன்றாகப் படிக்கப்பட்டால்? ச2வில் மட்டும் நான்கு உறுப்புகள் என்பதால் அதன் கணக்கு 0, மற்றவை 1. சேமித்ததாக வருவது 11111. சிண்ட்ரோமில் ச2 மட்டும் எழும்: 'ஒரு சரிபார்ப்பு பிட் புரண்டிருந்தது, தரவு சரி'. செத்த சிப்புக்கு நற்சான்றிதழ்.

மருந்து மலிவு. ச0, ச1 இரண்டையும் தலைகீழாக்கிச் சேமியுங்கள், படிக்கும்போது அதையே எதிர்பாருங்கள். இப்போது எல்லாம் பூஜ்யமானால் சிண்ட்ரோம் 01, அதாவது இரட்டைப்படை. எல்லாம் ஒன்றானால் சிண்ட்ரோம் 012. நாம் விட்டுவைத்த நிரல் அது, எதோடும் பொருந்தாது. இரண்டுமே 'திருத்த இயலாது'. செலவு, பிட்டைத் தலைகீழாக்கும் இரண்டு இன்வெர்ட்டர் கேட்கள், சில சமயம் அதுவும் இல்லை.

அடுத்தது முகவரி. நினைவகத்தின் முகவரிக் கம்பியில் கோளாறு ஏற்பட்டு வேறொரு வரியைப் படித்துவிட்டால், அங்கே இருப்பதும் செல்லுபடியாகும் சொல்தான். சிண்ட்ரோம் பூஜ்யம். இதற்குத் தீர்வாக முகவரியின் பாரிட்டியைக் கண்ணுக்குத் தெரியாத ஒன்பதாவது தரவு பிட்டாகக் கணக்கில் சேர்க்கலாம். சேமிக்கத் தேவையில்லை, எழுதும்போதும் படிக்கும்போதும் கணக்கில் மட்டும் வரும். அதற்கு எந்த நிரல்? 012 என்று கொடுத்தால் ஒரு பள்ளம் காத்திருக்கிறது: பாரிட்டி 1 உள்ள முகவரிகளில், எல்லாம் ஒன்றாகப் படிக்கப்படும்போது 012ஐ 012 அடித்துவிடச் சிண்ட்ரோம் பூஜ்யமாகிறது. மூடிய ஓட்டையை நாமே திறந்ததாகும். 234 கொடுத்தால், அத்தகைய முகவரிகளில் எல்லாம் ஒன்றானால் 0134, எல்லாம் பூஜ்யமானால் 01234. இரண்டும் பிடிபடும். முகவரி தவறினால் 234, அதுவும் எதோடும் பொருந்தாது. முகவரியில் இரண்டு கம்பிகள் சேர்ந்து கெட்டால் பாரிட்டி ஏமாறும் என்பதையும் ஆவணத்தில் எழுதி வையுங்கள்.

படி 7: பகுதி எழுத்து என்ற கண்ணிவெடி

64 பிட் சொல்லில் ஒரு பைட்டை மட்டும் எழுத வேண்டும். சரிபார்ப்பு பிட்கள் சொல் முழுவதற்கும் சேர்ந்தவை என்பதால், பழைய சொல்லைப் படித்து, திருத்தி, புதிய பைட்டைச் செருகி, சரிபார்ப்பு பிட்களை மறுபடி கணக்கிட்டு எழுத வேண்டும். ஒரு எழுத்து இரண்டு வேலையாகிறது. நேரம் போவது ஒருபுறம் இருக்கட்டும்.

படித்த பழைய சொல்லில் திருத்த இயலாத பிழை இருந்தால்? அப்படியே புதிய பைட்டைச் செருகி, புதிய சரிபார்ப்பு பிட்களைக் கணக்கிட்டு எழுதினால், கெட்ட தரவுக்குப் புத்தம் புதிய முத்திரை குத்தியதாகும். இனி யார் படித்தாலும் பிழை தெரியாது. எழுதாமல் விட்டாலும் புதிய பைட் போய்விடும். சரியான வழி, வேண்டுமென்றே திருத்த இயலாத சிண்ட்ரோம் வரும்படியாகச் சரிபார்ப்பு பிட்களைக் கெடுத்து எழுதுவது. 'நச்சுக் குறி' என்பது அதுதான். அதைப் படிப்பவர் விஷயம் தெரிந்து விலகிக்கொள்வார். முழுச் சொல்லும் புதிதாக எழுதப்படும்போது நஞ்சு தானே அகலும்.

மின்சாரம் வந்தவுடன் நினைவகத்தில் இருப்பது தாறுமாறான பிட்கள். முதல் பகுதி எழுத்தே பொய்யான பிழையைக் கிளப்பும். ஆகவே எல்லா முகவரிகளையும் ஒரு முறை முழுச் சொற்களாக எழுதித் தீர்த்த பிறகே மற்றவர்களை உள்ளே விடுங்கள்.

படி 8: நேரம்

64 பிட் சுற்றில் சிண்ட்ரோமுக்கு 5 எக்ஸ்-ஆர் அடுக்கு, பொருத்திப் பார்க்க எட்டு உள்ளீட்டு அண்ட், கடைசியாக ஓர் எக்ஸ்-ஆர். நினைவகத்தின் படிப்பு நேரத்தோடு இதையும் ஒரே கிளாக் துடிப்பில் அடைப்பது பெரும்பாலும் வீண் பிடிவாதம். நினைவகத்தை ஒட்டி ஒரு பதிவகம் (மதிப்பை அடுத்த துடிப்பு வரை பிடித்து வைக்கும் ரெஜிஸ்டர்), சிண்ட்ரோமுக்குப் பின் இன்னொன்று என்று பிரித்துவிடுங்கள். தாமதம் அறவே ஆகாது என்றால், திருத்தாத தரவை முதலில் அனுப்பிவிட்டு, பிழை தெரிந்தால் அடுத்த துடிப்பில் 'அதைக் கைவிடு, இதோ சரியானது' என்று சொல்லலாம். கேட்கக் கவர்ச்சியான வழிதான். ஆனால் பெற்றுக்கொள்பவர் கைவிடத் தெரிந்தவராக இருக்க வேண்டும், அதை உறுதி செய்யாமல் தொடாதீர்கள்.

படி 9: குறியின் எல்லைக்குள் பிழைகளை வைத்திருங்கள்

அடுத்தடுத்த செல்கள் சேர்ந்து புரளும் ஆபத்துக்கு மருந்து குறிமுறையில் இல்லை, தளவமைப்பில் இருக்கிறது. ஒரு வரியில் பக்கத்துப் பக்கத்துச் செல்களை வெவ்வேறு சொற்களுக்குக் கொடுத்துவிடுங்கள். எஸ்-ரேம் என்ற வேகமான நினைவக வகையில் நான்கு சொற்களைப் பின்னி வைத்தால், ஒரே அடியில் வரிசையாக நான்கு செல்கள் புரண்டாலும் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு பிழைதான் போகும். நான்கு ஒற்றைப் பிழைகளையும் சுற்று திருத்திவிடும்.

ஒரு சிப் முழுதாகச் சாவது இதில் அடங்காது. நான்கு பிட் அகலச் சிப்கள் 18 சேர்ந்து 72 பிட் தரும் பலகையில், ஒரு சிப் போனால் ஒரே சொல்லில் நான்கு பிட்கள் போகும். பிட்டுக்குப் பதில் சிப்பின் பங்கையே ஓர் அலகாகக் கொள்ளும் ரீட்-சாலமன் வகைக் குறிகளை நாட வேண்டியதுதான். டி-ரேம் வகைகளில் ஒன்றான டிடிஆர்5 சிப்களுக்குள்ளேயே 128 பிட்டுக்கு 8 சரிபார்ப்பு பிட்கள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். அது ஒற்றைப் பிழையைத் திருத்த மட்டுமே. இரட்டைப் பிழையை உறுதியாகக் கண்டறியும் பலம் அதற்கு இல்லை, தவறான திருத்தத்தால் இரண்டு பிழை மூன்றாகவும் கூடும். சேவையகங்களில் சிப்புக்கு வெளியேயும் ஒரு பிழைதிருத்தம் இன்னும் தேவைப்படுவது அதனால்தான்.

பிழைகள் சேரவிடாமல் பார்ப்பதும் உங்கள் பொறுப்பு. யாரும் படிக்காத மூலையில் ஒரு பிழை மாதக்கணக்கில் கிடந்தால் இரண்டாவது வந்து சேர்ந்துகொள்ளும். ஆகவே நினைவகம் முழுவதையும் ஓயாமல் படித்து, திருத்தி, எழுதிச் செல்லும் ஒரு துப்புரவுச் சுற்று வேண்டும். சுற்று இடைவெளியைப் பாதியாக்கினால், தற்செயலாகச் சேரும் இரட்டைப் பிழைகளின் வீதமும் ஏறத்தாழப் பாதியாகும். நாளுக்கு ஒரு முறை முழு நினைவகத்தையும் சுற்றி வருவது சேவையகங்களில் பழகிப்போன அளவு.

இந்தத் துப்புரவுச் சுற்றில்தான் நான் ஒரு முறை நன்றாக அடி வாங்கினேன். அது ஒரு முகவரியைப் படித்து, பிழை கண்டு, திருத்தி எழுதப் போவதற்கு இடையே செயலி அதே முகவரியில் புதிய மதிப்பை எழுதிவிட்டது. துப்புரவுச் சுற்று கடமை தவறாமல் பழைய மதிப்பை அதன்மேல் எழுதியது. பிழையற்ற, சரிபார்ப்பு பிட்கள் கச்சிதமாகப் பொருந்திய, பழைய தரவு. பிழை எண்ணிக்கையில் 'ஒன்று திருத்தப்பட்டது' என்று மட்டும் இருந்தது. கண்டுபிடிக்க இரண்டு வாரம் ஆயிற்று. படிப்பதிலிருந்து எழுதுவது வரை அந்த முகவரியைப் பூட்டி வையுங்கள், அல்லது இடையில் வேறு எழுத்து வந்தால் திருத்தத்தைக் கைவிடுங்கள்.

படி 10: பிழையைச் செலுத்திச் சோதியுங்கள்

எழுதினேன், படித்தேன், அதே தரவு வந்தது என்ற சோதனை எதையும் நிரூபிக்காது. எழுதும் பக்கமும் படிக்கும் பக்கமும் ஒரே அட்டவணையிலிருந்து உருவாகும்போது, அட்டவணையில் இரண்டு நிரல்கள் ஒன்றாகிவிட்டாலும் அந்தச் சோதனை தேறிவிடும். பிழையை வேண்டுமென்றே செலுத்தினால்தான் குட்டு உடையும். அணியை மட்டும் சோதிக்க ஒரு தரவு போதும்: 13 ஒற்றைப் பிழைகள், 78 இரட்டைப் பிழைகள். 72 பிட்டுக்கு 72, 2556. சில விநாடி வேலை. கேட்களாக எழுதியது அணியோடு ஒத்துப்போகிறதா என்பது தனிக் கேள்வி. 8 பிட்டில் 256 தரவுகளையும் முழுவதுமாக ஓட்டிவிடலாம், 64 பிட்டில், கணித முறையில் நிரூபித்துக் காட்டும் முறைசார் சரிபார்ப்புக் கருவியிடம் கொடுங்கள். மூன்று பிட் பிழைகளையும் ஓட்டி, எத்தனை தவறாகத் திருத்தப்படுகின்றன என்ற எண்ணை ஆவணத்தில் போடுங்கள். படிப்பவர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

சிப் வெளிவந்த பிறகும் பிழையைச் செலுத்த வழி வேண்டும். எழுதும் பாதையில் ஒரு முகமூடிப் பதிவகத்தை வையுங்கள். அதில் ஒன்று இருக்கும் இடத்தில் பிட் புரண்டு சேமிக்கப்படும். மென்பொருள்காரர்கள் தங்கள் பிழை கையாளும் மென்பொருளைச் சோதிக்க வேறு வழியே இல்லை. அதே பதிவகம் தாக்குபவர் கையில் கிடைத்தால் என்னவாகும் என்பதையும் யோசித்து, தொடக்கத்துக்குப் பின் பூட்டிவிடும் ஒரு பிட்டைச் சேர்த்துவிடுங்கள்.

பதிவில் முதல் பிழையின் முகவரியும் சிண்ட்ரோமும் அடுத்த பிழையால் அழியாமல் நிற்க வேண்டும். கெட்டுப்போன ஒரு செல் நொடிக்கு ஆயிரம் முறை குறுக்கிடாதபடி எண்ணிக்கைக்கு ஒரு வரம்பும் வேண்டும். ஒரே முகவரி, ஒரே சிண்ட்ரோம் திரும்பத் திரும்ப வந்தால் அது வன்பிழை. வெவ்வேறு முகவரிகளில் ஒரே தரவு பிட் என்றால் கம்பியைச் சந்தேகியுங்கள்.

தொழிற்சாலைச் சோதனையின்போது திருத்தத்தை அணைத்து வைக்க ஒரு பொத்தான் கட்டாயம். அது இல்லாவிட்டால் பிறவியிலேயே கெட்ட செல்களைச் சுற்று மறைத்துவிடும். அப்படி மறைந்த ஒவ்வொரு சொல்லும், வாடிக்கையாளர் கைக்குப் போகும்போதே தன் ஒரே திருத்தத்தைச் செலவழித்துவிட்டிருக்கும்.